எண்ணிக்கை மட்டும் போதாது
(கிணத்துக்கடவில் நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

மருத்துவ உதவி கேட்டு நமது அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவற்றோடு ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் இணைந்து வருகிறது. அந்தத் தாளில் 'டோட்டல் கவுன்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே 'டிசி' என்று எழுதி, பி 65, எல் 30, இ 5 என்று மூன்று எண்கள் இருக்கும். இந்த 'பி' என்பது பாலிமார்ஃப். புதிய லேப்களில் இதையே 'நியூட்ரோபில்' என்று அச்சடிக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். மனுக் கொடுக்க வருபவர்கள் அந்தத் தாளை நீட்டி, "கவுன்ட்டு சரியா இருக்குதுங்களா?" என்று கேட்கிறார்கள்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். யாருடைய மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம். நாங்கள் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நியூட்ரோபில் எத்தனை இருக்கிறது என்பது பாதிச் செய்திதான். அது தேவைப்படும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா, சேர்ந்த இடத்தில் வேலை செய்கிறதா, வேலை முடிந்ததும் ஓய்கிறதா என்பதெல்லாம் மீதிப் பாதி. அந்த மீதியில் நம் கையில் இருப்பது நிறைய.

முதலில் தாளைப் படிக்கும் விதம். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு சிறு துளியிலும் சிறு துளியில், பெரியவர்களுக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருக்கும். அதில் நூற்றுக்கு 40 முதல் 70 வரை நியூட்ரோபில்கள். மொத்தம் 6,000, நியூட்ரோபில் 60 சதவீதம் என்றால் பெருக்கிப் பாருங்கள்: 3,600. இந்தப் பெருக்கி வந்த எண்ணைத்தான் மருத்துவர் முக்கியமாகப் பார்க்கிறார். இது பொதுவாக 1,500-க்கு மேல் இருக்க வேண்டும். 500-க்குக் கீழே போனால் ஆபத்து. சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதோ, நிம்மதி அடைவதோ கூடாது.

முள் குத்தியதும் நடப்பது

நியூட்ரோபில்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. ஆரோக்கியமான ஒரு மனிதரின் மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. சிவப்பணு 120 நாள் உழைக்கும். நியூட்ரோபிலின் ஆயுளோ மணிக்கணக்கு, மிஞ்சினால் சில நாள். அதனால்தான் உற்பத்தி ஒரு வாரம் தடைப்பட்டாலும் உடல் உடனே வெறுங்கையாகி நிற்கிறது.

பெயர்க் காரணமும் எளிதுதான். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் பால் எர்லிக், ரத்த அணுக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார். ஒரு வகை அணு அமிலச் சாயத்தைப் பிடித்தது, ஒரு வகை காரச் சாயத்தைப் பிடித்தது. இரண்டிலும் சேராமல் நடுநிலைச் சாயத்தைப் பிடித்தது நியூட்ரோபில். அதே காலத்தில், 1882-ல், இத்தாலியின் மெசினாவில் தங்கியிருந்த ரஷ்ய அறிஞர் மெச்னிகோவ், கண்ணாடி போன்ற உடல் கொண்ட நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. அன்னியப் பொருளை விழுங்கும் அணுக்கள் உடலில் உண்டு என்ற அறிவு அங்கிருந்துதான் வளர்ந்தது. 1908-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் பக்கத்தில் முள்ளுக்குக் குறைவில்லை. தக்காளிக் காட்டிலும் தென்னந்தோப்பிலும் வேலை செய்பவர்களின் காலில் வேலாமுள் ஏறுவது அன்றாடம் நடப்பது. முள் குத்திய இடத்தில் அடிபட்ட செல்களும், முள்ளோடு உள்ளே போன கிருமிகளும் ரசாயனச் செய்தி அனுப்புகின்றன. அருகிலுள்ள ரத்தக் குழாயின் உட்சுவர் பிசுபிசுப்பாகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில் அதில் உருண்டு, ஒட்டி, நின்று, சுவரின் இடுக்கு வழியாக நுழைந்து வெளியே வருகிறது. அதன் உட்கரு ஒரே உருண்டையாக இல்லாமல் மூன்று முதல் ஐந்து துண்டுகளாகக் கோத்திருப்பதால், சந்தில் நுழைவது அதற்குச் சுலபம். முதலில் வந்தது மற்றவற்றைக் கூப்பிடுகிறது. கூட்டம் சேருகிறது.

வந்தபின் மூன்று விதமாகப் போராடுகிறது. ஒன்று, கிருமியை விழுங்கி உள்ளேயே கொல்வது. ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிறார்களே பிளீச்சிங் பவுடர், ஏறத்தாழ அதே ரசாயனத்தை நியூட்ரோபில் தனக்குள்ளேயே தயாரித்துக் கிருமியைச் சுடுகிறது. இரண்டு, தன்னிடமுள்ள சிறு பைகளில் இருக்கும் கிருமிக்கொல்லிப் பொருள்களை வெளியே கொட்டுவது. மூன்றாவது, 2004-ல் பெர்லின் விஞ்ஞானிகள் கண்டு சொன்னது. தன் உட்கருவில் சுருட்டி வைத்திருக்கும் டிஎன்ஏ இழைகளையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைப்பது. வலை வீசிய நியூட்ரோபில் பெரும்பாலும் அதோடு இறந்துவிடும்.

புண்ணில் வரும் சீழைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். அதில் பெரும்பகுதி நமக்காகச் செத்த நியூட்ரோபில்கள். சீழில் தெரியும் லேசான பச்சை நிறம்கூட, அந்தப் பிளீச்சிங் ரசாயனத்தைத் தயாரிக்கும் நொதியின் நிறம்தான்.

ஒரே அணு, பல பணி

நீண்ட காலம் நியூட்ரோபில் எல்லாம் ஒரே மாதிரி என்றுதான் பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. ஓடிப்போய்க் கடிக்கும், சாகும், அவ்வளவுதான் என்ற எண்ணம். கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் அதை மாற்றிவிட்டன.

நம் இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். ரமலானில் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறவர்கள், மழை வெள்ளம் என்றால் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள், மருத்துவமனையில் இருந்து அழைப்பு வந்தால் ரத்தம் கொடுக்க நிற்கிறார்கள். ஆள் அதே ஆள்தான். இடமும் நேரமும் தேவையும் வேலையை மாற்றுகின்றன. நியூட்ரோபிலும் அப்படித்தான்.

மஜ்ஜையில் இருந்து புதிதாக வந்ததற்கும், ரத்தத்தில் சில மணி நேரம் சுற்றி முதிர்ந்ததற்கும் குணம் வேறு. மண்ணீரலில் உள்ள சில நியூட்ரோபில்கள், எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும் பி செல்களுக்கு உதவுகின்றன என்று 2012-ல் ஓர் ஆய்வு கூறியது. எலிகளில் செய்த ஆய்வுகளில், நுரையீரலில் உள்ளவை ரத்தக் குழாய் வளர்ச்சிக்குத் துணை செய்வதும், தோலில் உள்ளவை தோலை உறுதியாக்கும் கொலாஜன் போன்ற பொருள்களை உண்டாக்குவதும் தெரியவந்துள்ளன. கொல்ல மட்டுமே தெரியும் என்று நினைத்த அணு, கட்டவும் செய்கிறது. காயம் ஆறும்போது உடைந்த குப்பையை அள்ளி, புதிய ரத்தக் குழாய்க்கு வழிவிடுவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

எல்லாமே நல்லதும் இல்லை. புற்றுக்கட்டிக்குள் நுழையும் நியூட்ரோபில்களில் சில கட்டியை எதிர்க்கின்றன, சில கட்டி வளரவும் பரவவும் துணைபோகின்றன. எது எதை எப்போது செய்கிறது என்பதை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, லேப் தாளில் உள்ள ஒற்றை எண்ணுக்குப் பின்னால் பல பணிகள் மறைந்திருக்கின்றன. இனி, இந்தப் பணி எங்கெங்கே தவறுகிறது, அங்கே குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

எண்ணிக்கை குறையும்போது

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். அது வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவது. புற்றும் வேகமாகப் பெருகும், மஜ்ஜையும் வேகமாகப் பெருகும். எனவே மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிலான காலத்தில் நியூட்ரோபில் மிகவும் இறங்கும். 500-க்குக் கீழேயும் போகும்.

அப்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. கிருமி உள்ளே வந்தாலும் சீழ் பிடிக்காது. சிவக்காது, வீங்காது. ஏனென்றால் சீழும் வீக்கமும் உண்டாக்குகிற அணுக்களே இல்லை. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். சிலருக்கு வெறும் குளிர் நடுக்கம் மட்டும் இருக்கும். கீமோ எடுப்பவருக்கு ஒருமுறை 101 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ அது அவசரம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் நெறி.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் தெரியும். பாராசிட்டமால் ஒன்று போடுவோம். காய்ச்சல் இறங்கும். "காலையில் முதல் பஸ்ஸுக்குக் கோயமுத்தூர் போய்க்கலாம்" என்று அத்தாவோ அம்மாவோ சொல்லிவிடுவார். பிள்ளைகளுக்குச் சிரமம் வேண்டாம், வாடகைக் காருக்குச் செலவு வேண்டாம் என்பதுதான் அவர்கள் மனதில். மாத்திரை காய்ச்சலை மட்டும்தான் மறைக்கிறது. கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கிறது. விடிவதற்குள் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். புற்றுநோய்க்குச் சிகிச்சை நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் ஒருவரை, ஒரே இரவுக் காய்ச்சலில் இழக்க நேரும்.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் சகோதரர்கள் தரும் ரத்தத்தில் இருந்து சிவப்பணுவைப் பிரித்து வாரக்கணக்கில் வைக்கலாம், தட்டணுவை ஐந்து நாள் வைக்கலாம். நியூட்ரோபிலை அப்படி எடுத்துப் பாதுகாத்து வைக்க முடியாது. எடுத்த 24 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும், அதுவும் அரிதாகத்தான் செய்கிறார்கள். மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோபிலைப் பெருக்கும் ஊசி உண்டு. அதை எப்போது போடுவது என்பது மருத்துவர் முடிவு. ஆகவே நன்கொடையாளர் எத்தனை பேர் இருந்தாலும் இந்த இடத்தில் நேரத்துக்கு ஈடு இல்லை.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் சாப்பிடும் கார்பிமசோல் மாத்திரையும் மிகச் சிலருக்கு நியூட்ரோபிலைத் திடீரென்று இறக்கிவிடும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால், சளி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து ரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

அதே சமயம், குறைவு என்றாலே ஆபத்து என்றும் இல்லை. டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் வெள்ளையணு சில நாள் குறைந்து தானாக ஏறும். ஆப்பிரிக்க, அரபு வம்சாவளியினர் பலருக்குப் பிறவியிலேயே எண்ணிக்கை சற்றுக் குறைவாக இருக்கும், நோய் எதுவும் இருக்காது. அதனால்தான் தாளை மருத்துவரிடம் காட்டச் சொல்கிறோம்.

எண்ணிக்கை இருந்தும் பயனில்லாதபோது

சில குழந்தைகளுக்கு நியூட்ரோபில் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும். ஆனால் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளத் தேவையான பொருள் பிறவியிலேயே இருக்காது. ஓடிக்கொண்டே இருக்கும், இறங்க முடியாது. கவுன்ட் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று இருக்கும். புண்ணில் ஓர் அணுகூடப் போய்ச் சேராது, சீழும் வராது. இன்னொரு வகைக் குறையில் நியூட்ரோபில் போய்ச் சேரும், விழுங்கும். ஆனால் அந்தப் பிளீச்சிங் ரசாயனம் தயாராகாது. விழுங்கிய கிருமி உள்ளேயே பிழைத்திருக்கும்.

இவை அரிய நோய்கள். ஆனால் இவற்றில் பல, பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை பிள்ளைக்குச் சேர்ந்து வருவதால் உண்டாகின்றன. சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது. நாட்டிலேயே சொந்தத் திருமணம் அதிகமுள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இது எல்லாச் சமுதாயத்துக்கும் பொது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அடையாளம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். பிறந்த குழந்தையின் தொப்புள் கொடி மூன்று நான்கு வாரமாகியும் விழாமல் புண்ணாக இருந்தாலோ, குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான புண்ணும் நிமோனியாவும் வந்தாலோ, சிறு வயதில் இப்படி ஒரு குழந்தை அந்தக் குடும்பத்தில் இறந்திருந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது. இருந்தால், சீக்கிரம் தெரிவதே வழி. வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இருக்கிறது.

அடுத்தது, நம் எல்லோரையும் தொடுவது. 2021 மே மாதத்தை யாரும் மறக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் தினசரி கொரோனா எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே தாண்டியது. அதோடு கருப்புப் பூஞ்சையும் வந்தது. தமிழக அரசு மே மாதத்திலேயே அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. அந்த ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி நாடு முழுவதும் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது வந்திருந்தது. 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். கண்ணையும் மேல்தாடையையும் இழந்து உயிர் பிழைத்தவர்கள் பலர்.

இந்தப் பூஞ்சை எங்கோ வெளிநாட்டில் இருந்து வந்ததல்ல. மண்ணிலும், மட்கிய இலையிலும், கெட்டுப்போன ரொட்டியிலும் இருப்பது. அதன் வித்துகளை நாம் தினமும் மூச்சில் இழுக்கிறோம். நியூட்ரோபிலும் அதன் கூட்டாளி அணுக்களும் சத்தமில்லாமல் அதை முடித்துவிடுவதால் நமக்குத் தெரிவதே இல்லை. அப்படியானால் அந்த ஆண்டு என்ன ஆயிற்று? நோய்ப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பெரும்பாலோர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை மிக ஏறும்போது நியூட்ரோபில் மந்தமாகிறது. கிருமி இருக்கும் திசையில் ஓடுவதிலும் கொல்வதிலும் பின்தங்குகிறது. ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றும், அணுக்களின் வேலையையும் குறைக்கும்.

இங்கேதான் லேப் தாள் நம்மை ஏமாற்றும். ஸ்டீராய்டு எடுத்தால் நியூட்ரோபில் எண்ணிக்கை கூடும்! ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டி நின்றவை கழன்று ரத்தத்தில் மிதக்கத் தொடங்குவதால் கணக்கில் அதிகம் தெரியும். புண்ணுக்குப் போகிறவை குறையும். தாளில் கூடுதல், களத்தில் குறைவு.

இதைக் கேட்டு ஸ்டீராய்டே விஷம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளில் டெக்சாமெத்தசோன் மரணத்தைக் குறைத்தது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வாத நோய்க்கும் மருத்துவர் அளவாகக் கொடுப்பது வேறு. உடம்பு வலி, மூட்டு வலி, அரிப்பு என்று மருந்துக் கடையில் பெயர் தெரியாத மாத்திரையைப் பொட்டலமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்தால் வலி உடனே நிற்கும். அதுதான் ஆபத்து.

அளவு மீறும்போது

நியூட்ரோபில் குறைந்தால் ஆபத்து என்றோம். அடங்காமல் போனாலும் ஆபத்துதான். கடுமையான கொரோனாவில் நுரையீரலில் நியூட்ரோபில்கள் கூட்டமாகக் குவிந்து, டிஎன்ஏ வலைகளை அளவில்லாமல் வீசின. கிருமியைப் பிடிக்க வீசிய வலையில் ரத்தமும் உறைந்து, நுண்ணிய குழாய்கள் அடைபட்டன.

சர்க்கரை நோயாளியின் காலிலும் இதே கதை, மெதுவாக. சர்க்கரை நோய் உள்ளவர்களின் நியூட்ரோபில்கள் மற்றவர்களுடையதைவிட எளிதாக வலை வீசிவிடுகின்றன, அந்த வலை புண் ஆறுவதைத் தடுக்கிறது என்று 2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொல்ல வேண்டிய வேலையில் மந்தம், ஓய வேண்டிய வேளையில் அட்டகாசம். இரண்டும் சேர்ந்ததுதான் ஆறாத கால் புண். அதோடு நரம்பு மரத்துப்போயிருப்பதால் முள் ஏறியதே தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் நியூட்ரோபில் வந்து சேரும் பாதையே அடைபட்டிருக்கும். விரலில் தொடங்கிய புண் கணுக்காலுக்கு ஏறி, காலை எடுக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்.

நாம் செய்ய வேண்டியவை

நியூட்ரோபிலைக் கூட்டும் கஷாயம், பொடி என்று எவரேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள். அது இருக்கும் எண்ணிக்கையோடு ஒழுங்காக வேலை செய்ய இடம் கொடுப்பதே நம் கடமை.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது முதல் வேலை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கி வைத்தால் மட்டும் போதாது, சாப்பிட வேண்டும். ரமலான் நோன்பு வைக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள் ஓரிரு மாதம் முன்பே மருத்துவரிடம் போய், நோன்பு வைக்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுவிடுங்கள். நோன்பு தொடங்கிய பிறகு தாமாக மாத்திரையை விடுவது கூடாது.

அடுத்தது பாதம். நாம் உளூச் செய்யும்போது ஒரு நாளைக்கு எத்தனையோ முறை பாதத்தைக் கழுவுகிறோம். அதில் ஒரு முறையாவது பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்கில் வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். கழுவியதும் விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். தோட்ட வேலைக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகும் நம் அண்டை வீட்டுச் சகோதரர்களில் சர்க்கரை உள்ளவர்களும் இதை மனதில் வையுங்கள். புண் வந்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி நாளைக் கடத்த வேண்டாம். இரண்டு நாளில் ஆறும் குறி தெரியாவிட்டால் மருத்துவமனைக்கு வாருங்கள்.

சர்க்கரை உள்ளவருக்கு முகத்தின் ஒரு பக்கம் வீக்கம் அல்லது வலி, மூக்கில் கருத்த நீர், கண் வலி, பார்வை இரண்டாகத் தெரிதல், மேல்பல் ஆட்டம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். கொரோனா போய்விட்டது, பூஞ்சை போகவில்லை.

எந்த மருந்துக் கடையிலும் மாத்திரையை அட்டையோடு, பில்லோடு வாங்குங்கள். பெயர் எழுதாத பொட்டலம் வேண்டாம். கவுன்ட் கூடியிருக்கிறது என்பதற்காகத் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், அடிபட்டவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் கிருமியே இல்லாமலும் எண்ணிக்கை கூடும்.

கடைசியாக, நமது நிர்வாகக் குழு எடுத்துள்ள முடிவு. கிணத்துக்கடவு வட்டாரத்தில் கீமோ சிகிச்சை எடுக்கும் எந்தச் சமுதாயத்தவருக்கும், இரவோ பகலோ காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்குப் போகும் வண்டிச் செலவை அறக்கட்டளை ஏற்கும். மனு வேண்டாம், கையெழுத்து வேண்டாம், விடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். முதலில் போங்கள், கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 108 உடனே கிடைத்தால் அதில் போங்கள். தாமதமானால் எந்த வண்டியானாலும் சரி. அங்கே போனதும் முதல் வார்த்தையாக, "இவர் கீமோ எடுக்கிறார், காய்ச்சல் வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். கீமோ நடக்கும் வீடுகளில் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் இன்றே அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம், விலை இல்லை.

இந்தக் கூட்டத்துக்கு வராத பெரியவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று காய்ச்சலை மறைக்கிற அத்தா, அம்மா, தாத்தா, பாட்டி யாராக இருந்தாலும், இன்று இரவு அவர்களிடம் உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள். சொல்லாமல் இருப்பதுதான் பெரிய தொந்தரவு என்பதை அவர்களுக்குப் புரியவையுங்கள்.

இறைவன் நம் அனைவருக்கும் நல்ல உடல் நலத்தையும், நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும் தந்தருள்வானாக.